முதலில் படத்தின் மாதத்தைச் சொல்லுங்கள்

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேர் எனக்குச் செயற்கைக்கோள் படங்களை அனுப்பினார்கள். இமயமலையின் ஒரே பள்ளத்தாக்குதான். முதலாமவர் அனுப்பியதில் பழைய படம் வெள்ளைவெளேர், புதிய படம் சாம்பல். "பனியாறு காணாமல் போனது!" இரண்டாமவர் அனுப்பியதில் பழையது சாம்பல், புதியது வெள்ளை. "பனியாறு வளர்கிறது, புவி வெப்பமாதல் கட்டுக்கதை!" ஆண்டு மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. மாதத்தைக் காணோம். மூலப் படங்களைத் தேடி எடுத்தேன். நினைத்ததுதான்: வெள்ளை இரண்டும் மார்ச், சாம்பல் இரண்டும் செப்டம்பர்.

பனியாற்று எல்லைகளை வரைவதுதான் என் பிழைப்பு. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. வெள்ளையாகத் தெரிவது பனியாறு இல்லை, ஐயா!

நம் மொழியும் இதில் கொஞ்சம் காலை வாருகிறது. புல்நுனியில் நிற்பதும் பனி, பஞ்சாகக் கொட்டுவதும் பனி, பல ஆண்டுகள் இறுகிக் கட்டியாகித் தன் எடையாலேயே மலைச்சரிவில் மெல்ல நகர்வதும் பனி. செய்தித்தாள்கள் இந்தக் கடைசி வகையைப் பனிப்பாறை என்று எழுதுகின்றன. கடலில் மிதப்பதற்கும் அதே பெயர்தான். நான் பனியாறு என்றே எழுதுகிறேன், ஏனென்றால் அது நகர்கிறது. குளிர்காலத்தில் விழும் புதுப்பனி பாறை, புல்வெளி, உறைந்த ஏரி என்று எதையும் விட்டுவைக்காமல் மூடிவிடும். மார்ச் படத்தில் அந்தப் பனியாற்றின் விளிம்பே தெரியாது. அதை வைத்துப் பரப்பளவு சொல்வது, கம்பளி போர்த்திப் படுத்திருப்பவரைக் கம்பளியோடு சேர்த்து அளந்துவிட்டு, ஆள் பருத்துவிட்டார் என்பதுபோல.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். இமயத்தின் பெரிய பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதி வெள்ளையாகவே இருக்காது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. பனிக்கட்டி அதற்கு அடியில்தான் இருக்கிறது. பச்சை ஒளியையும் குறுஅலை அகச்சிவப்பையும் ஒப்பிட்டுப் பனியைப் பிரிக்கும் வழக்கமான கணக்கு, இந்தப் பகுதியைச் சாதாரணப் பாறை என்று ஒதுக்கிவிடும். புதிதாக வரும் மாணவர்கள் அந்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பனியாறு பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது என்று பதறி ஓடிவருவார்கள். சரிவையும் மேற்பரப்பு நகர்வையும் பார்த்து, எல்லைக் கோட்டைக் கையால் திருத்தித்தான் ஆகவேண்டும். எல்லாம் கணினியே செய்துவிடும் என்பவர்கள் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்காரட்டும்.

ஆக, ஒப்பிடுவதென்றால் உருகும் காலம் முடிந்து புதுப்பனி விழுவதற்கு முன்னால் எடுத்த படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். இமயத்தின் பெரும்பகுதிக்கு அது செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். அதற்கு முன் பருவமழை மேகம், அதற்குப் பின் புதுப்பனி, போதாததற்கு நீண்ட மலைநிழல். அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 8 ஓர் இடத்துக்கு மேல் 16 நாளுக்கு ஒருமுறைதான் வரும். 2017-இல் ஐரோப்பாவின் சென்டினல்-2 இரட்டைச் செயற்கைக்கோள்கள் சேர்ந்த பிறகு 5 நாளுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அப்படியும் சில ஆண்டுகளில் ஒரு படம்கூடத் தேறாது.

அடுத்த எரிச்சல், தசமப் புள்ளி. லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர். 1972-இல் போன முதல் லேண்ட்சாட்டில் ஏறத்தாழ 80 மீட்டர். கங்கோத்ரியின் முகப்பு, அதாவது பனியாறு முடியும் கீழ்முனை, சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் பின்வாங்குகிறது, அதாவது ஒரு பிக்சலுக்கும் குறைவு. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுப் படங்களை வைத்து "12.37 மீட்டர்" என்று எழுதுபவரிடம் பிழை வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். பத்தாண்டு இடைவெளி கொடுத்தால் பேசலாம்.

முகப்பையே பார்த்துக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. கல் மூடிய பனியாறு நீளம் குறையாமலே மெலியும். அதற்கு உயரத்தை அளக்க வேண்டும். 1970-களில் அமெரிக்காவின் ஹெக்சகன் உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களிலிருந்து கிடைத்த பழைய உயரங்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டதில், இமயத்தின் பனி இழப்பு வேகம் 2000-க்குப் பின் ஏறத்தாழ இரட்டித்தது தெரியவந்தது. ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவி ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்த படங்களை வைத்துக் கணக்கிட்டதில், 2000 முதல் 2019 வரை உலகப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 26,700 கோடி டன் இழந்திருக்கின்றன.

உண்மையே இவ்வளவு கனமாக இருக்கும்போது மார்ச் படம் எதற்கு? 2035-க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி-யின் 2007 அறிக்கையில் ஒரு வரி நுழைந்தது. 2010-இல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு வரியைக் காட்டி மொத்த அறிவியலையும் கேலி செய்தவர்களுக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் நேர்ந்த வெள்ளப் பேரழிவையும் "பனிப்பாறை வெடித்தது" என்றே எழுதினார்கள். ரொந்தி சிகரத்திலிருந்து பெயர்ந்து விழுந்ததில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாறை. அன்றைய செயற்கைக்கோள் படங்களும் முந்தைய படங்களும் இல்லாவிட்டால் அந்த வெடிப்புக் கதையே நிலைத்திருக்கும்.

உங்களிடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். தேதியும் செயற்கைக்கோள் பெயரும் இல்லாத படத்தைப் பகிராதீர்கள். இரண்டு படங்களும் ஒரே பருவமா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம், சென்டினலுக்கும் காசு கிடையாது. கோடு போடும் மாணவர்களே, கல் மூடிய பகுதியை வெட்டிவிட்டு என் மேசைக்கு வராதீர்கள், தயவுசெய்து.

அந்த இருவருக்கும் செப்டம்பர் படங்களை மட்டும் ஜோடி சேர்த்து அனுப்பினேன். உண்மையிலேயே பனியாறு சுருங்கியிருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. ஒருவர் பதிலே போடவில்லை. மற்றவர், "இதில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியலையே சார்" என்கிறார்.