நரியின் வெப்பத்தை அறியும் கேமரா

ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலையை ஆண்டுதோறும் காணும் மதுரைக்காரர்களில், காட்டு நரியை நேரில் கண்டவர்கள் மிகக் குறைவு. நரியும், நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் எஞ்சியிருக்கும் ஓநாயும் கேனிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் நடமாடுபவை, மனித வாடை பட்டாலே விலகிவிடுபவை. ஆகவே இவற்றின் அன்றாட வாழ்வைப் படமாக்க, ஆளில்லாமல் இயங்கும் தானியங்கிக் கேமராவே ஏற்றது.

இக்கேமராவை விழிக்கச் செய்வது வெறும் அசைவு அன்று, வெப்ப வேறுபாடு. உயிர்களின் உடலிலிருந்து வெளிப்படும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை அதன் உணரி வாங்குகிறது. உணரிக்குள் எதிரெதிராக இணைத்த இரண்டு சிறு துண்டுகள் உள்ளன. தம் வெப்பநிலை மாறும்போது மட்டுமே அவை மின்னூட்டம் காட்டும். முன்னாலுள்ள ஃபிரெனல் வில்லை எனும் வரிப்பள்ளங்கள் கொண்ட மெல்லிய வில்லை காட்சிப்பரப்பைப் பட்டைகளாகப் பிரிப்பதால், குறுக்கே நடக்கும் நரி முதலில் ஒரு துண்டையும் அடுத்து மற்றதையும் தூண்டுகிறது. அந்த வேறுபாடே கேமராவை இயக்குகிறது. பரப்பு முழுவதும் ஒருசேரச் சூடேறினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

மதுரைக் கோடையில் இதற்குள்ளேயே ஒரு பெரிய இடர் இருக்கிறது. உணரி அறிவது விலங்கின் உள்வெப்பத்தை அன்று, ரோமத்தின் மேற்பரப்புக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை. வெயிலில் காய்ந்த பாறை அந்த ரோமத்தளவே சூடாக இருக்கும் வேளையில் நரி கடந்துபோனாலும் கேமரா உறங்கியபடி இருக்கலாம். மாறாக, வெயிலில் சூடேறிக் காற்றிலாடும் புல் வீண் படங்களால் நினைவட்டையை நிரப்பிவிடும். இருட்டிய பின்பும் பாறை வெப்பத்தை விடாது என்பதால், பாறை முகத்தை நோக்கிக் கேமராவை வைக்காமல் நிழல் விழும் மண்தடத்தை நோக்கி வைப்பதே நல்லது. பகற்பொழுதில் படமே இல்லாத பதிவை வைத்து, நரி பகலில் வெளியே வருவதில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு.

தடத்துக்கு நேர்குறுக்காக வைத்தால் உணரி நன்கு தூண்டப்படும். ஆனால் காணொளி தொடங்குவதற்குள் விலங்கு சட்டகத்தைத் தாண்டிவிடும். அதனால் சற்றுச் சாய்கோணத்தில், விலங்கின் தோள் உயரத்துக்குப் பொருத்துவார்கள். இரவில் 940 நானோமீட்டர் விளக்குகள் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியைத் தருகின்றன. படம் கறுப்புவெள்ளையில் பதிவாகிறது.

ஒவ்வொரு விலங்கையும் தனித்து அடையாளம் காணப் புலிக்கு வரிகள் உண்டு. ஓநாய்க்கும் நரிக்கும் அப்படி எதுவும் இல்லை. கிழிந்த காது, வெட்டுத்தழும்பு, வாலின் வடிவம் போன்றவற்றைப் பல படங்களில் ஒப்பிட்ட பிறகே ஒரு தனி விலங்கின் கதையை எழுத முடியும். ஏறக்குறைய 63 நாள் கர்ப்பத்துக்குப் பின் குட்டிகள் பிறக்கும் வளைக்கருகே மட்டும் கேமராவைக் கொண்டுசெல்லக் கூடாது. தொந்தரவை உணர்ந்தால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு வளைக்குப் போய்விடும்.