இம்ப்ளாண்ட்: பல்லுக்கு ஒரு பதியம்

'இம்ப்ளாண்ட் பல்' என்றதும் நம் கண்ணில் நிற்பது, சிரித்தால் பளிச்சென்று தெரிகிற பல்தான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியது வெளியே தெரியாத பகுதி. தாடை எலும்பில் துளையிட்டுத் திருகி இறக்கும் சிறு டைட்டானிய ஆணி அது. விழுந்த பல்லின் வேர் செய்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. அதன்மேல் வருவதற்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள்.

சொல் பிறந்தது தோட்டத்தில். லத்தீனில் 'பிளான்டா' என்றால் நடுவதற்கான துளிர், கன்று. 'இன்' என்பது உள்ளே. ஆக, உள்ளே நடுவது. டிரான்ஸ்பிளாண்டும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் இடம் பெயர்வது உயிருள்ள உறுப்போ திசுவோ; பல் இம்ப்ளாண்டில் இறங்குவது உலோகம். எனவே இதைப் 'பல் மாற்று' என்று எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

தமிழில் 'உள்வைப்பு' என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் சொத்தைக் குழியை அடைப்பதும் உள்ளே வைப்பதுதானே? என் ஓட்டு 'பல் பதிய'த்துக்கு. கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வேர்விடும்வரை காத்திருப்பதைப் பதியம் போடுதல் என்கிறோம். லத்தீன்காரர் போன தோட்டத்துக்கே தமிழும் போகிறது. மொழிபெயர்ப்பு வாடையே இல்லை.

அந்தக் காத்திருப்பு இங்கேயும் உண்டு. ஆணியை இறக்கியபின் எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். இதற்கு 'ஆசியோஇன்டக்ரேஷன்' என்று பெயர். 1952இல் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால், கழற்ற முடியவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் முதல் மனிதருக்குப் பல் பதியம் வைத்தார். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கும். பதியத்துக்கு அது கிடையாது, எலும்பு நேராகவே பிடிக்கிறது. ஆகவே 'எலும்பிணைவு' என்ற சொல் கச்சிதம். ஒன்று மட்டும்: செடிப் பதியத்தில் வேர் மண்ணைத் தேடிப் போகும், இங்கே மண்தான் வேரைத் தேடி வருகிறது.

லத்தீனில் ஒரு வேடிக்கை. நெடிலாக 'ஓஸ்' என்றால் வாய். ஓரல் அதிலிருந்து வந்தது. குறிலாக 'ஒஸ்' என்றால் எலும்பு, ஆசியோ அதிலிருந்து. குறில் நெடில் பார்த்தே பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம், பதியத்துக்கும் மேலிருக்கும் பல்லுக்கும் நடுவே நிற்கும் துண்டு 'அபட்மென்ட்'. பழைய பிரெஞ்சில் முனையோடு முனை சேர்ப்பது என்ற பொருளில் கிளம்பிய சொல். பாலத்தின் இரு கரையிலும் நிற்கும் முட்டுச்சுவருக்கும் இதே பெயர்தான். 'தாங்கி' என்றால் போதும்.

கடைசியில் தாங்கியின்மேல் உட்காருவது 'கிரவுன்'. மகுடம் என்று பெயர்த்தால் வாய்க்குள் ராஜாங்கம் நடத்த வேண்டியிருக்கும். பேச்சில் 'கேப்' என்கிறோம். எழுத்தில் 'பல் உறை' என்று போட்டுவிடலாம்.