இருபரிமாண ஆர்.பி.ஜி. எல்லாம் 'லைட்' கேம் இல்லை

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பிள்ளைக்கு மடிக்கணினி பார்க்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "த்ரீ-டி கேம் ஓடுமா?" ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறி, வளர்ந்து விளையாடும் ரோல்-பிளேயிங் கேம்) விளையாடப் போகிறவருக்கு அது பாதிக் கேள்வி. படம் உங்கள் திரையின் அளவுக்குப் பொருந்துகிறதா, கொழும்பு வெக்கையில் இரண்டு மணி நேரம் கழித்தும் அதே சீராக ஓடுமா, உங்கள் கண்ணும் தலையும் அதைத் தாங்குமா என்பதே மீதிப் பாதி.

படத்தின் பரிமாணம் வேறு, விளையாட்டின் உள்கணக்கு வேறு. 2000-இல் வெளியான டயப்லோ 2 இருபரிமாணப் படங்களால் ஆனது. 2021-இல் வந்த அதன் ரெசரெக்டட் பதிப்பு, அதே விளையாட்டின் மேல் முப்பரிமாணப் படத்தைப் போர்த்தியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜி விசையைத் தட்டினால் பழைய படம் வரும், மறுபடி தட்டினால் புதியது. அடியில் செக்கனுக்கு 25 முறை நடக்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றே. புதிய படத்தில் நெருப்பும் ஈரத் தரையும் அழகுதான். ஆனால் நெரிசலான சண்டையில் எது எதிரி, எது தரை என்று பழைய படத்தில்தான் சட்டென்று பிடிபடுகிறது என்பது எங்கள் எண்ணம்.

பல ஆர்.பி.ஜி.கள் முப்பரிமாணத்துக்குப் போவதற்குக் கவசம் ஒரு பெரிய காரணம். எட்டுத் திசைகளில் நடக்கும் ஒரு வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டால் ஐந்து திசை வரைந்தால் போதும் (வலக்கை வாள் இடக்கைக்குத் தாவிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்). ஒவ்வொரு அசைவுக்கும் 8 படம், நட, அடி, அடிவாங்கு, விழு என்று நான்கு அசைவு: 160 படங்கள். பத்துக் கவசங்கள் என்றால் 1,600. முப்பரிமாணத்தில் எலும்புக்கூடு ஒன்றுதான். கவசத்தை அதன்மேல் மாட்டிவிடலாம். வாங்கிய தொப்பி ஆளின் தலையில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு முப்பரிமாணமே பொருத்தம்.

இனி, இருபரிமாணத்தில் அதிகம் கெடும் இடம். பிக்ஸல் ஓவியத்தில், அதாவது சிறு சதுரப் புள்ளிகளால் வரைந்த படத்தில், வரும் கேம்கள் பல 320×180 அளவில் வரையப்படுகின்றன. ஆறு மடங்கு பெருக்கினால் 1920×1080, எட்டு மடங்கில் 2560×1440. இரண்டிலும் அச்சாகப் பொருந்தும். மலிவு மடிக்கணினிகளில் இன்னும் காணப்படும் 1366×768 திரையில்தான் சிக்கல். 1366-ஐ 320-ஆல் வகுத்தால் 4.27. கால் புள்ளியை எப்படிக் காட்டுவது? சில பிக்ஸல் நான்கு புள்ளி அகலமாகவும், ஏறக்குறைய நான்கில் ஒன்று ஐந்து புள்ளி அகலமாகவும் வரும். ஆள் நடக்கும்போது முகம் நெளிவதும், தரை ஓடுகள் அலைபோல் மினுங்குவதும் இதனால்தான். கிராபிக்ஸ் கார்ட் பழுது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

தீர்வு எளிது. கேமின் அமைப்புகளில் முழுஎண் பெருக்கல், அதாவது இன்டிஜர் ஸ்கேலிங், இருந்தால் அதைப் போடுங்கள். நான்கு மடங்கில் 1280×720 வரும். சுற்றிலும் கறுப்பு விளிம்பு தெரியும், படம் தெளிவாக நிற்கும். கேமில் அந்த வசதி இல்லையென்றால் என்விடியா கார்டுகளில் ஜி.டி.எக்ஸ். 16, ஆர்.டி.எக்ஸ். 20 வரிசையிலிருந்து என்விடியா கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. பல மடிக்கணினிகளில் திரை இன்டெல் கிராபிக்ஸோடு இணைந்திருப்பதால் அங்கே அந்த இடமே தெரியாது. அப்போது இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் தேட வேண்டும். இதற்குத் திரையின் ரெசல்யூஷனையும் (புள்ளி அளவையும்) கேமின் அளவுக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

கையால் தீட்டிய பின்னணி உள்ள கேம்களுக்கு வேறு நோய். 4096×4096 அளவில் ஒரே ஓவியம், சுருக்காமல் வைத்தால் நினைவகத்தில் 64 எம்.பி. பிடிக்கும், கிராபிக்ஸ் கார்டுக்கான பி.சி.7 சுருக்கத்தில் 16 எம்.பி. அடுக்கடுக்காகப் பத்துப் பின்னணி வைத்தால் நீங்களே கூட்டிப் பாருங்கள். 4 ஜி.பி. ராம் உள்ள கணினியில் 'சும்மா டூ-டி கேம்தானே' என்று போட்டு, வாசல் தாண்டும் ஒவ்வொரு தடவையும் திக்குவது இதனால்.

பெயரும் ஏமாற்றும். 2018-இல் வந்த ஆக்டோபாத் டிராவலரில் ஆட்கள் பிக்ஸல் பொம்மைகள், ஊரும் வெளிச்சமும் அன்ரியல் எஞ்சின் 4-இல் கட்டிய முப்பரிமாணம். பார்க்கப் பழைய கேம், கேட்பதோ முப்பரிமாணத்துக்கான வலு. 1997-இன் ஃபைனல் ஃபேன்டஸி 7 இதற்கு நேர்மாறு: முன்பே வரைந்து வைத்த பின்னணி, அதன்மேல் நடமாடும் முப்பரிமாண ஆட்கள்.

தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மடிக்கணினியில் முப்பரிமாணம் ஓட்டுகிறவர்கள் முதலில் ராமைப் பாருங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டி.டி.ஆர்.4-3200 வகை ராம் ஒற்றைத் தட்டில் (சிங்கிள் சேனல்) செக்கனுக்கு 25.6 ஜி.பி. மட்டுமே ஓடும்; இரட்டைத் தட்டில் 51.2. ஆகவே 8 ஜி.பி. ஒன்றைவிட 4 ஜி.பி. இரண்டு நல்லது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லொட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ராம் போர்டிலேயே ஒட்டப்பட்ட மொடல்களில் கூட்ட முடியாமல் போகலாம், வாங்கும் முன் கேளுங்கள்.

அடுத்தது சூடு. அறையே 30 பாகையில் இருக்கும்போது, மெத்தைமேல் வைத்த மடிக்கணினி கொஞ்ச நேரத்தில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றின் ஈரத்தோடு தூசி சேர்ந்து வெப்பத் தகடுகளில் அப்பிக்கொள்கிறது. காற்றூதிச் சுத்தம் செய்யும்போது விசிறி சுழலாமல் ஒரு பல்குத்தியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அமைப்புகளில் குறைக்கும் வரிசை: நிழல் முதலில், பிறகு மூடுபனி ஒளி, அதன்பிறகு ரெசல்யூஷன் ஸ்கேலை 75–80 வீதத்துக்கு. வீடியோ நினைவகம் போதுமானால் டெக்ஸ்சரில் (பொருட்களின் மேல் போர்த்தும் படத்தில்) கை வைக்க வேண்டாம், அது வேகத்தை அதிகம் தின்பதில்லை. 60 ஹேர்ட்ஸ் திரையில் செக்கனுக்கு 45 பிரேம் (படம்) ஓடுவதைவிட 30-இல் பூட்டுவது கண்ணுக்கு இதம்; ஒவ்வொரு பிரேமும் சரியாக 33.3 மில்லிசெக்கன் நிற்கும். முறைவைத்து அடிக்கும் ஆர்.பி.ஜி.க்கு 30 தாராளம். ஓடி ஓடி அடிக்கும் கேமுக்கு 60 வேண்டும்.

தலைச்சுற்றலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல்நபர் பார்வையில் வரும் முப்பரிமாண ஆர்.பி.ஜி.யில் குமட்டினால் பார்வைக் கோணத்தை 60-இலிருந்து 90 பாகைப் பக்கம் கூட்டுங்கள். மோஷன் பிளர் (அசையும்போது வரும் மங்கல்), தலையசைவு, கெமரா அதிர்வு மூன்றையும் நிறுத்துங்கள். குமட்டலோடு தொடர்ந்து விளையாடிப் பழகப் பார்க்க வேண்டாம், அன்றைக்கு எழும்பிவிடுங்கள்.

கடைசியாக டேட்டா. 2023-இன் பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜி.பி. இடம் வேண்டும். அவ்வளவையும் 20 எம்.பி.பி.எஸ். இணைப்பில் இறக்கினால் கிட்டத்தட்ட 17 மணி நேரம். இரவு நேர ஒதுக்கீடு உள்ள பொதி என்றால் இறக்கத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைத் தொடக்கக் காட்சியிலும் முகம் வடிவமைக்கும் திரையிலும் செலவழித்துவிடாமல், கூட்டம் நிறைந்த முதல் ஊர்வரை போய், மடிக்கணினி நன்றாகச் சூடான பிறகு பிரேம் எண்ணைப் பாருங்கள்.