மாவிலை தெரியாத ப்ராஜெக்ட்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி அறிவியல் கற்பித்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில், இறுதியாண்டு மாணவர்களில் சிலர் திடீரென்று கவலையற்று நடமாடத் தொடங்குவார்கள். ப்ராஜெக்ட் கைக்கு வந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். ஏதோவொரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, சோர்ஸ் கோடு, அறிக்கை, பிபிடி மூன்றையும் வாங்கி வந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அத்தகைய அறிக்கை ஒன்றில் கைடாக, அதாவது நெறியாளராக, கையெழுத்திட்டவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இலையின் படத்தைக் கொண்டு பயிர் நோயைக் கண்டறியும் ப்ராஜெக்டை நால்வர் குழு ஒன்று வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் காட்டியது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் எழுந்து போய் வளாகத்து மரத்திலிருந்து ஒரு மாவிலையைப் பறித்து வந்து, அதைப் படமெடுத்துக் காட்டச் சொன்னார். மடிக்கணினி சற்றும் தயங்காமல் அது திராட்சை இலை என்றும், அதற்கு இன்ன நோய் என்றும் அறிவித்தது. "ஏன் இப்படிச் சொல்கிறது?" என்று அவர் கேட்டபோது நால்வரும் என்னைப் பார்த்தார்கள். கணினிக்குப் பயிற்சி கொடுக்க எந்தப் படங்கள் பயன்பட்டன என்று நானும் அவர்களை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு அந்த சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தேன். உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்தும் பிளான்ட்வில்லேஜ் என்ற படத் தொகுப்பே அதன் அடிப்படை. 14 பயிர்களின் 54,000-க்கும் மேற்பட்ட இலைப் படங்கள் அதில் பயிர், நோய் வாரியாக 38 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தக்காளி, உருளைக்கிழங்கு, ஆப்பிள் எல்லாம் உண்டு, மா மட்டும் இல்லை. தனக்குத் தெரிந்த வகைகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மட்டுமே கட்டமைக்கப்பட்ட நரம்பு வலைப்பின்னலுக்கு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரலுக்கு), தெரியாது என்று சொல்லும் வழியே கிடையாது. எந்த இலையை நீட்டினாலும் அந்த 38-இல் ஒன்றின் பெயரைச் சொல்லியே தீரும். மேலும், அத்தொகுப்பின் படங்கள் ஒரே சீரான பின்னணியில், ஒவ்வோர் இலையாகப் பறித்து வைத்து எடுக்கப்பட்டவை. அவற்றைக் கொண்டு 2016-இல் வெளிவந்த ஆய்வு, அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 விழுக்காடு சரியாகக் கணித்தது. வேறு சூழலில் எடுத்த படங்களில் அது 31 விழுக்காடு அளவுக்குச் சரிந்ததையும் அதே கட்டுரை மறைக்காமல் சொல்கிறது. என் மாணவர்களின் அறிக்கையில் முதல் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

மாங்கனிக்குப் பேர்போன மாவட்டத்தில், மாவிலை தெரியாத ப்ராஜெக்டை விலை கொடுத்து வாங்கிவரும் நிலை ஏன் வருகிறது? சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பென்னாகரத்திலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் அரூரிலிருந்தும் வரும் எங்கள் மாணவர்களில் பலர், அந்தந்த வீட்டின் முதல் பட்டதாரிகள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதைக் கலந்தாய்வு நாள்வரை விசாரித்துச் சேர்ந்தவர்களுக்கு, அதற்குப் பிறகு யாரை, எதைக் கேட்பது என்று சொல்லித்தர வீட்டிலோ தெருவிலோ ஆள் இருப்பதில்லை. ஆசிரியரின் அறை என்பது வருகைப்பதிவு குறைந்தாலோ அரியர் விழுந்தாலோ அழைக்கப்படும் இடம் என்றே அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. எங்கள் பக்கமும் பிழை உண்டு: ஐந்தாறு குழுக்களை ஒருவர் தலையில் கட்டும்போது, கையெழுத்துப் போடுவதே வழிகாட்டுதலாகச் சுருங்கிவிடுகிறது.

வழிகாட்டுதல் எப்படி இருக்கலாம் என்பதற்கு எங்கள் துறையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கணினி அறிவியலாளர் ராஜ் ரெட்டி ஆந்திரத்தின் காட்டூர் என்ற சிற்றூரில் பிறந்து, தம் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, 1958-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்றவர். 1994-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது எட்வர்ட் ஃபைகன்பாமுக்கும் அவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பேச்சை அறிந்துகொள்ளும் கணினி முறைகளில் அவர் ஒரு வழியை நம்பியிருந்த காலத்தில், அவருடைய ஆய்வு மாணவர் காய்-ஃபூ லீ புள்ளியியல் வழியில் போக விரும்பினார். தமக்கு உடன்பாடில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்ன ரெட்டி, ஆய்வுக்கு வேண்டிய உதவி எதையும் நிறுத்தவில்லை. 1988-இல் முடிந்த அந்த ஆய்வு, யார் பேசினாலும் புரிந்துகொள்ளும் முறைக்கு வழிவகுத்தது. மாணவர் தம்மோடு முரண்படுவதைத் தாங்கிக்கொள்ளும் நெறியாளர்கள் அன்றும் அதிகம் இல்லை. இன்றைக்கு எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை, என்னையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும்.

மாவிலை நிகழ்ச்சிக்குப் பிறகு, வியாழக்கிழமை மாலை நான்கு மணியை ப்ராஜெக்டுக்கென்று ஒதுக்கினேன். வருகிறவர் கோடு கொண்டுவர வேண்டியதில்லை; அந்த வாரம் பார்த்த ஏதேனும் ஒரு சிக்கலை மூன்று வரியில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். முதல் மாதத்தில் பெரும்பாலும் யாரும் வரவில்லை. பிறகு மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், மாங்கூழ் ஆலைக்குப் பழம் ஏற்றிச் செல்லும் தம் தந்தையின் வண்டி பருவத்தில் வாசலிலேயே இரண்டு நாள் நிற்கிறது என்று எழுதி வந்தார். "சார், இதெல்லாம் ப்ராஜெக்ட் ஆகுமா?" என்பதுதான் அவருடைய தயக்கம்.

ஆயிற்று. அந்த ஆண்டு விடுமுறையில் ஆலை வாசலில் பதினோரு நாள் நின்று, வண்டி வந்த நேரம், டோக்கன் எண், இறக்கிய நேரம் ஆகியவற்றை நோட்டில் குறித்தார். முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற வரிசையைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தபோது, அது எல்லோருக்கும் ஒரே நியாயமாகத் தோன்றினாலும், நன்கு பழுத்த பழம் ஏற்றிய வண்டிக்கு அதிக இழப்பைத் தருகிறது என்று கண்டார். பழத்தின் பக்குவத்தைப் பொறுத்து முன்னுரிமை தரும் வரிசைக்கு மாற்றினார். நான் சொன்ன முன்னுரிமைச் சூத்திரம் காயாக வந்த வண்டிகளை முடிவின்றிக் காக்கவைக்கும் என்று பலகையில் எழுதி மறுத்ததும் அவரே. அவர் சொன்னதுதான் சரி.

மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி: நெறியாளரைத் தேடுவதை ஏழாம் பருவத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு ஆசிரியரின் பரிந்துரை தேவை. வெளிநாட்டு மேற்படிப்புக்கும் அப்படித்தான். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வைக்கூட மூன்றாமாண்டிலேயே எழுதலாம். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னதாகக் கேளுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு நானும் மறுக்காமல் எழுதித்தான் தருகிறேன், ஆனால் எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இருப்பதில்லை.

மாங்கூழ் ஆலை மாணவருக்கு எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கத்துக்கு நீண்டது. என் சூத்திரம் தவறான கதையும் அதில் உண்டு. மாவிலைக் குழுவைச் சேர்ந்த ஒருவரும் மேற்படிப்புக்காகக் கடிதம் கேட்டு வந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரரும்கூட என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு என்னால் நான்கு வரிதான் எழுத முடிந்தது.