கொலாஜ் – ஒட்டுப்படம்

'கொலாஜ்' பிரெஞ்சுச் சொல். பசை தடவி ஒட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. 1912-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கிய பிறகு கலையுலகில் நிலைத்துவிட்டது.

தமிழில் சிலர் 'படத்தொகுப்பு' என்கிறார்கள். சினிமாவில் எடிட்டிங்கிற்கும் அதே சொல்தான், அதனால் குழப்பமே மிஞ்சும். 'ஒட்டுப்படம்' நல்ல சொல். கிழிந்த துணியில் போடுவதும் ஒட்டு, ஒரு செடியில் இன்னொன்றின் கிளையைச் சேர்ப்பதும் ஒட்டு. வேறு வேறு இடத்தில் இருந்தவை ஒன்றாவது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அப்படி ஒன்றாக்குவதே எவ்வளவு கூர்மையான விமர்சனம் ஆகும் என்பதற்கு கிரேட்டே ஸ்டெர்னைப் பார்க்க வேண்டும். 1904-இல் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், புகைப்படக் கலைஞர். நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் வெளியேறி, பிறகு அர்ஜென்டினாவில் குடியேறினார். அங்கே 'இடிலியோ' என்ற பெண்கள் பத்திரிகையில் வாசகிகள் தங்கள் கனவுகளை எழுதி அனுப்புவார்கள். உளப்பகுப்பாய்வு விளக்கத்தோடு அவை வெளிவரும். 1948 முதல் 1951 வரை அந்தப் பகுதிக்கு ஸ்டெர்ன், கனவில் போலப் பொருந்தாதவற்றை இணைக்கும் சர்ரியலிசப் பாணியில் படம் செய்தார்.

ஒரு படத்தில் மேசை விளக்கின் தண்டாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு மேல் விளக்கின் மூடி. பக்கத்திலிருந்து நீளும் ஆணின் விரல் சுவிட்சைத் தொடப்போகிறது. படத்தின் பெயர் 'வீட்டு மின்சாதனங்கள்'. இன்னொன்றில் கடற்கரையில் கிடக்கும் கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு பெண். அர்ஜென்டினாவில் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் வந்தது 1947-இல்தான். சட்டம் வந்தும் வீட்டுக்குள் பெண்ணின் இடம் மாறவில்லை என்பதை, அந்தப் பெண்களே வாங்கிப் படிக்கும் பத்திரிகையில், அவர்களுடைய கனவுகளை வைத்தே ஸ்டெர்ன் காட்டினார். எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு வரக் காரணம் அதுதான்.

சரி, இவற்றை ஒட்டுப்படம் என்றே சொல்லலாமா? முழுக்கப் புகைப்படங்களை வெட்டி இணைப்பதை 'ஃபோட்டோமொண்டாஜ்' என்பார்கள். மொண்டாஜ் என்றால் பாகங்களைப் பூட்டிச் சேர்ப்பது. முதல் உலகப் போரை ஒட்டி கலை மரபுகளைக் கேலி செய்த பெர்லின் 'டாடா' இயக்கக் கலைஞர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட சொல் அது. ஸ்டெர்ன் வெட்டி ஒட்டியதை மறுபடி படம் பிடித்துவிடுவார், அதனால் விளிம்புகள் எளிதில் கண்ணில் படாது. இந்த வகையை 'ஒளிப்பட ஒட்டு' என்று தனியாகச் சொல்லலாம்; ஒட்டுப்படம் இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும்.