முடிவெடுத்தது யார்?

ஜப்பானில் செவிலியர் படிப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வாரம் ஒரு வகுப்பு, 90 நிமிடம், பருவத்துக்கு 15 வகுப்புகள். கால அட்டவணையில் ஆங்கிலம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் நாங்கள் வாசிப்பதும் எழுதுவதும் பயோஎதிக்ஸ், அதாவது மருத்துவத்தில் எது சரி, எது தவறு, அதை யார் தீர்மானிப்பது என்கிற விஷயங்கள். இப்படிப் பாடம் எடுக்கிறவர்களும் எடுக்கப்போகிறவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு மாணவியின் வீட்டுப்பாடத்திலிருந்து தொடங்குகிறேன். குடும்பத்தில் நடந்த ஒரு மருத்துவ அனுபவத்தைப் பத்து வரியில் எழுதச் சொல்லியிருந்தேன். அவர் எழுதியது பாட்டிக்கு வந்த புற்றுநோய் பற்றி. நடுவில் ஒரு வரி: பாட்டியிடம் சொல்வதில்லை என்று முடிவானதைச் சொல்லும் ஆங்கில வாக்கியம், எழுவாயே இல்லாமல். இலக்கணப் பிழை என்று நினைத்து, ஓரத்தில் சிவப்பு மையில் 'யார்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மற்ற பிழைகளை எல்லாம் திருத்தியிருந்தார். அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. அதற்கும் அடுத்த வாரம், பென்சிலில், சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: 'அப்பா, பெரியப்பா, டாக்டர். எனக்கும் தெரியும்.'

அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பாடம் என்ன என்றே புரிந்தது.

தமிழிலும் நாம் 'நான்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேசுவோம். ஆனால் முடிவெடுத்தேன், முடிவெடுத்தார், முடிவெடுத்தோம் என்று வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய மொழியில் அந்த வால் கிடையாது. 'கிமெமாஷ்தா' என்றால் முடிவெடுத்தாயிற்று, அவ்வளவுதான். யார் என்பதைக் கேட்கிறவர் சூழலிலிருந்து புரிந்துகொள்வார். அன்றாடப் பேச்சில் இதில் ஒரு குறையும் இல்லை, மரியாதைகூட இருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் அந்த வெற்றிடத்துக்குள் நோயாளி காணாமல் போய்விட முடியும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதனால் அந்தக் கேள்வியிலிருந்து தப்புவதும் எளிதல்ல. இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துவதில் உள்ள உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

பாட்டியின் கதையை ஒரு குடும்பத்தின் தவறாகப் பார்க்கக் கூடாது. ஒரு தலைமுறைக்கு முன் ஜப்பானில் புற்றுநோயை நோயாளியிடம் மறைப்பதுதான் வழக்கம். 1989 ஜனவரியில் ஷோவா பேரரசர் ஹிரோஹிட்டோ இறந்தபோது, அவருக்கு இருந்தது புற்றுநோய் என்பது இறப்புக்குப் பிறகுதான் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1990இல் ஜப்பான் மருத்துவச் சங்கம் இன்ஃபார்ம்டு கன்சென்ட் என்பதற்கு 'செட்சுமெய் தோ தோய்', அதாவது விளக்கமும் சம்மதமும், என்று ஒரு சொல் கொடுத்தது. 1997இல் விளக்கிச் சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவச் சட்டத்திலும் இடம்பெற்றது.

ஆனால் வார்டில் புழங்கும் சொல் வேறு. பழைய டாக்டர்கள் 'முன்தேரா' என்பார்கள். வாய், சிகிச்சை என்ற இரண்டு ஜெர்மன் சொற்களின் சுருக்கம். வாயால் செய்யும் சிகிச்சையாம். இப்போது இன்ஃபார்ம்டு கன்சென்ட் என்பதைச் சுருக்கி 'ஐ.சி.' என்கிறார்கள். பயிற்சிக்குப் போய்வந்த மாணவர்கள் இயல்பாகச் சொல்வது, 'இன்று டாக்டர் ஐ.சி. செய்தார்.' கொஞ்சம் நின்று பாருங்கள். சம்மதம் நோயாளி கொடுக்க வேண்டியது. இந்த வாக்கியத்திலோ எல்லாவற்றையும் செய்பவர் டாக்டர். இதை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாகப் பிரிக்கச் சொல்வேன்: டாக்டர் என்ன சொன்னார்? நோயாளி என்ன சொன்னார்? இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது பலருடைய பேனா நின்றுவிடும். நோயாளி என்ன சொன்னார் என்பதை அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய குழியும் இருக்கிறது. ஜப்பானில் 'சொங்கென்ஷி' என்றால் கண்ணியமான மரணம். பெரும்பாலும், குணமாக வாய்ப்பில்லாத நிலையில், உயிரை நீட்டிக்க மட்டும் செய்யும் சிகிச்சையைத் தவிர்ப்பது. 'அன்ராகுஷி', கருணைக்கொலை, வேறு. ஆனால் சொங்கென்ஷியை அப்படியே ஆங்கிலமாக்கினால் கிடைக்கும் தொடர்தான் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயர். அங்கே அதன் பொருள், மரணத்தை நெருங்கிய நோயாளி தானே எடுத்துக்கொள்ள டாக்டர் மருந்து எழுதிக்கொடுப்பது. ஒரு மாணவர் 'கண்ணியமான மரணத்தை ஆதரிக்கிறேன்' என்று எழுதினால், எதை ஆதரிக்கிறார்? கேட்காமல் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது மாதத்தில் ஒரு சட்டப் பிரிவின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுப்பேன், நாட்டின் பெயரை மறைத்துவிட்டு. தரம் குறைந்த சந்ததி பிறப்பதைத் தடுப்பது நோக்கம் என்று அதில் இருக்கும். எந்த நாடு என்று கேட்டால் ஹிட்லரின் ஜெர்மனி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது ஜப்பானின் யூஜெனிக் பாதுகாப்புச் சட்டம். 1948 முதல் 1996 வரை இருந்தது. ஏறக்குறைய 25,000 பேருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது, அவர்களில் சுமார் 16,500 பேருக்குச் சம்மதமே இல்லாமல். டாக்டர் விண்ணப்பிப்பார், மாகாணக் குழு அனுமதிக்கும், அவ்வளவுதான். அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஜூலை 3 அன்று. 'அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது' என்று மாணவர்கள் எழுதுவார்கள். மறுபடியும் அதே கேள்வியைத்தான் ஓரத்தில் எழுதுவேன்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில், ஆங்கிலம் பேச வைக்க வேண்டும் என்ற ஆசையில், செயற்கை சுவாசத்தை நிறுத்தலாமா என்று இரு அணி பிரித்து விவாதம் வைத்தேன். ஒரு மாணவர் வாயே திறக்கவில்லை. பங்கேற்பு மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவருடைய தாத்தா அப்போது அதே கருவியில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் அந்த 90 நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாதே. அதற்கப்புறம் அணி பிரிப்பதில்லை. முன்வாரமே தலைப்பைச் சொல்லிவிடுவேன். காரணம் சொல்லாமலே யாரும் வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஜப்பானிய மொழியில் பத்து நிமிடம் பேசிக்கொள்ளட்டும், பிறகு ஆங்கிலம். மதிப்பெண் மொழிக்கு மட்டும்தான், நிலைப்பாட்டுக்கு ஒருபோதும் இல்லை. ஆங்கிலம் தடுமாறுகிறவருக்குச் சிந்தனையும் தடுமாறுகிறது என்று நாம் எவ்வளவு சுலபமாக நினைத்துவிடுகிறோம்!

கடைசி வகுப்பில் மட்டும் திசையை மாற்றுவேன். பாட்டியுடையது போன்ற ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்து, வார்டில் எழுதும் செவிலியர் குறிப்பாக, ஜப்பானிய மொழியில், செய்தவர் யார் என்பதை விடாமல் எழுதச் சொல்வேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவி எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சென்செய், இப்படி எழுதினால் குடும்பத்தாரைக் குற்றம் சொல்வது போல இருக்கிறது. படித்தால் மனம் நோகும்." பின்வரிசையிலிருந்து இன்னொருவர் கேட்டார்: "பாட்டி படித்தால்?"

இருவரும் ஜப்பானிய மொழியில்தான் பேசினார்கள். ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று நான் குறுக்கிடவில்லை. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.