துறவி நண்டுக்கு வீட்டு ஆசை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஆண்டு நான்கில் எனக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் கடைக்கு வந்தார். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஆறு ஓடுகள். எல்லாம் காலி.

"நீ விற்ற நத்தை ஆறு. நீ விற்ற நண்டு எட்டு. எட்டும் சேர்ந்து ஆறையும் தின்றுவிட்டன. கணக்குச் சரிதானே?"

டப்பாவை வெளிச்சத்துக்கு நகர்த்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான்கு ஓடுகள் கூம்பாக, அடிப்பக்கம் தட்டையாக இருந்தன. அவை நான் விற்ற டிரோக்கஸ் நத்தைகளுடையவை. மற்ற இரண்டும் சிறியவை. நீண்டு மெலிந்து, நுனி தேய்ந்து போனவை. நண்டுகள் என் கடையை விட்டுப் போனபோது சுமந்து சென்ற ஓடுகள்.

"கணக்குத் தப்பு, சார்" என்றேன். அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய்த்தது அதுவே முதல் முறை. "இதில் நத்தை ஓடு நான்குதான். பாக்கி இரண்டு நத்தையின் ஓடுகளும் இன்னும் உங்கள் தொட்டியில் நடந்துகொண்டிருக்கின்றன. உள்ளே ஆள்தான் வேறு."

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 17 ஆண்டுகளாக மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறேன். மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆற்றுக்காரன் நத்தை விற்றுப் பிழைக்கிறான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர் இது. கடல் பார்க்க வேண்டுமானால் லுமுட் பக்கம் போக வேண்டும். ஆனாலும் கடல்நீர்த் தொட்டி ஆசை இங்கேயும் வந்துவிட்டது. ஈப்போ, கோலகங்சார் வீடுகளுக்கும் பராமரிப்பு வேலைக்குப் போய் வருகிறேன். போகும் இடமெல்லாம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: இறால், துறவி நண்டு, நத்தை மூன்றும் ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகும், வயிறு நிறைந்திருந்தால். நண்டுக்கு மாற்று வீடும் இருந்தால். தொட்டிகளில் நான் பார்த்த கொலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

துறவி என்று யார் பெயர் வைத்தார்களோ, தெரியாமல் வைத்துவிட்டார்கள். இந்த நண்டுக்கு வீட்டின் மேல் இருக்கிற ஆசை எந்தச் சம்சாரிக்கும் இல்லை. முன்னுடம்புக்குத்தான் கெட்டித் தோல். வயிற்றுப் பகுதி மிருதுவான சதை, ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். அதைச் செத்த நத்தையின் ஓட்டுக்குள் திணித்துக்கொண்டுதான் அது உயிர் வாழ்கிறது. உடம்பு வளரும், ஓடு வளராது. ஆகவே ஆயுள் முழுவதும் அடுத்த வீடு தேடும் வேலைதான். பக்கத்து நண்டின் வீடு பிடித்துவிட்டால், தன் ஓட்டால் அதன் ஓட்டை டக் டக்கென்று இடித்து, உள்ளே இருப்பது வெளியேறும் வரை விடாது. லயத்தில், தோட்டத்து ஒட்டு வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. காலியான வீடு கிடைக்காவிட்டால் நத்தை குடியிருக்கும் வீட்டின் மேல் கண் போகும்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். பழைய லயங்களை இடித்துக் கட்டிய தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 190 லிட்டர். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சிவப்பு வெளிச்சத்தை இவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நீலக்கால் நண்டு ஒன்று, ஆசிரியர் மணலிலேயே விட்டுவைத்திருந்த வேறொரு காலி ஓட்டின் வாயருகே வந்து நின்றது. கொடுக்கை உள்ளே விட்டுத் துழாவியது. ஓட்டைப் புரட்டியது, வாயை அளப்பதுபோல் இரண்டு பக்கமும் தடவியது. பிறகு, கண் இமைத்திருந்தால் தவறியிருக்கும், வெளிறிய சுருள் வயிறு வெளியே வந்தது, அடுத்த ஓட்டுக்குள் போயிற்று. அங்கே பிடிக்கவில்லை போலும், திரும்பவும் பழைய ஓட்டுக்கே வந்தது. "வாடகை வீடு பார்க்கிறவன் மாதிரியே இருக்கிறான்" என்றார் ஆசிரியரின் துணைவியார், கோப்பித் தட்டைக் கையில் வைத்தபடி.

கொலை எதையும் அன்று பார்க்கவில்லை. பார்த்தது கண்ணாடியை. மறைக்காமல் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான கண்ணாடியை என் கடையில்கூட நான் வைத்திருப்பதில்லை. மருந்துக்கும் பாசி இல்லை.

"கண்ணாடியைத் தினமும் சுரண்டுவீர்களா, சார்?"

"தினமும்."

"நண்டுக்கு என்ன தீனி போடுகிறீர்கள்?"

"தீனியா? சுத்தம் செய்கிற நண்டு என்று நீதானே சொன்னாய்?"

சொன்னது நான்தான். இந்த வியாபாரத்தில் எல்லோரும் சொல்வதுதான்: துப்புரவுப் பட்டாளம். இந்த ஒரு சொல்லால் இந்த உயிர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. வேலைக்கு ஆள் வைத்துவிட்டோம், சாப்பாடு அவர்கள் பாடு என்ற எண்ணம் வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. டிரோக்கஸ், டர்போ நத்தைகள் பாசியைச் சுரண்டித் தின்பவை. பாசி தீர்ந்தால் ஓடி வந்து கேட்காது. மெதுவாக மெலிந்து, ஒருநாள் பாறையிலிருந்து பிடி விட்டு விழும். விழுந்ததை நண்டு தின்னும். காலையில் நாம் பார்ப்பது நண்டின் கொடுக்கில் இருக்கும் சதையை மட்டும்தான். பட்டினியை யாரும் பார்ப்பதில்லை. ஆசிரியரின் நான்கு நத்தைகள் அப்படிப் போனவை என்பது என் கணிப்பு. நண்டுகள் வீட்டுக்காகக் கொன்றிருந்தால் அந்த நான்கு ஓடுகளும் காலியாகக் கிடந்திருக்காது. மற்ற இரண்டும் வீட்டுக்காகப் பறிபோனவை. அந்த அளவுத் தொட்டிக்கு எட்டு நண்டு, ஆறு நத்தை என்று விற்ற என் கணக்கும் தப்புத்தான். மூன்று நண்டு போதும்.

சுவையூட்டாத நோரிக் கடற்பாசித் தாளை விரலளவு கிழித்துப் பாறை இடுக்கில் செருகிவைத்தால் நத்தை தின்னும். எண்ணெயும் உப்பும் தடவிய சிற்றுண்டித் தாள் வேண்டாம். நண்டுக்கு வாரம் இரண்டு முறை மூழ்கும் தீனி ஒன்றிரண்டு உருண்டை. பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டாமல் நத்தைக்கு விட்டுவிடலாம். நண்டின் எண்ணிக்கையை விட அதிகமாக, சற்றுப் பெரிது பெரிதாகக் காலி ஓடுகளும் மணலில் கிடக்கட்டும். இவ்வளவும் செய்தாலும் என்றாவது ஒரு நத்தை போகும். நண்டு சாமியார் இல்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

நத்தையிலும் ஆள் பார்க்க வேண்டும். ஆஸ்ட்ரியா நத்தை கவிழ்ந்தால் தானாக நிமிரத் தெரியாது. நண்டு உள்ள தொட்டியில் அது தட்டில் வைத்த சோறு. டிரோக்கஸ் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். நாசேரியஸ் மணலுக்குள் புதைந்திருந்து, தீனி வாசம் பட்டதும் தும்பிக்கை போன்ற குழாயை நீட்டியபடி மேலே வரும். அது தின்பது மிச்சம் மீதியை, பாசியை அல்ல. ஒரு வாடிக்கையாளர் சந்தையில் கறிக்கு விற்கும் சிப்புட் செடுட்டை வாங்கித் தொட்டியில் விட்டார். அது சதுப்புநிலத்து நத்தை, மரத்தில் ஏறிப் பழகியது. மறுநாள் வரவேற்பறைச் சுவரில் இருந்து எடுத்தார்களாம்.

ஆனால் கடற்கரையில் கூம்புச் சங்கை உயிரோடு எடுத்து வருவது சிரிக்கிற விஷயமல்ல. அதன் நச்சு முள்ளுக்கு மாற்று மருந்து கிடையாது. புவியியல் கூம்புச் சங்கு என்ற இனம் மனிதர்களைக் கொன்றிருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கையில் எடுத்துவிடக் கூடாது.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஓட்டுக்குச் சாயம் பூசி விற்கிறார்களே, உமாங் உமாங், அதைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு இரண்டாம் நாள் செத்துவிட்டது என்று வருகிறவர்கள் உண்டு. அது நிலத்து நண்டு. ஈரக் காற்றைச் சுவாசிப்பது. தண்ணீருக்குள்ளேயே விட்டால் மூச்சு முட்டிச் சாகும். கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டியது கடல் துறவி நண்டு. அதிலும் சிவந்த மயிர்க் கால்களில் வெள்ளைப் புள்ளி வைத்த இனம் குட்டியாக இருக்கும்போது கொள்ளை அழகு. வளர்ந்தால் நத்தை, இறால், தூங்குகிற மீன் எதையும் விடாது. அதை நான் விற்பதில்லை.

இறால்கள் பொதுவாக நத்தைக்குத் தொந்தரவில்லை. முதுகில் சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடு ஓடும் கிளீனர் இறால் மீனின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கும், பவளத்தின் வாயில் இருக்கும் தீனியைத் திருடும், அவ்வளவுதான். பட்டை போட்ட பாக்ஸர் இறால் அப்படியல்ல. தன் சோடியைத் தவிர மற்ற இறால்களைத் துரத்திப் பிடிக்கும். ஐப்டேசியா என்ற, களைபோல் பரவும் கடற்சாமந்தியைத் தின்ன பெப்பர்மிண்ட் இறால் வாங்குகிறவர்கள், முதுகு கூனிய, கண் பெரிய ஒட்டக இறாலை வாங்கி ஏமாறுவதும் நடக்கிறது. அது களையை விட்டுவிட்டுப் பவளத்தைத் தின்னும்.

தொட்டியில் வெளிறிய இறால் ஒன்று அசையாமல் கிடந்தால் உடனே அழ வேண்டாம். தொட்டுப் பாருங்கள், வெறும் கூடாக, எடையில்லாமல் இருந்தால் அது கழற்றிப்போட்ட சட்டை. சட்டைக்காரர் பாறைக்கு அடியில் புதுத் தோல் இறுகும் வரை ஒளிந்திருப்பார். அப்போதுதான் அவர் பசியுள்ள நண்டுக்கு இலகுவான இரை. ஒளிய இடுக்குகள் வேண்டும் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

இவை ஒன்றையொன்று கொன்றதை விட நாம் கொன்றதுதான் அதிகம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் என்று செம்பு கலந்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினால், மீன் பிழைக்கும். விடியும்போது இறாலும் நத்தையும் இருக்காது. இத்தனைக்கும் இவற்றின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதே செம்புதான், ஆனால் நீரில் சிறிது கூடினாலும் தாங்காது. அந்தச் செம்பு பாறையிலும் மணலிலும் ஊறி, பிறகு மெல்லக் கசியும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

இன்னொன்று டெங்கிப் புகை. கொசுவுக்கு அடிக்கும் மருந்துகளில் பைரித்ராய்டு வகை உண்டு. அது பூச்சியைக் கொல்லச் செய்தது. இறாலும் நண்டும் பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தாமானில் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் சன்னலைச் சாத்தி, தொட்டியை நனைத்த துணியால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்துங்கள். அது அறைக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் இறைக்கும். உள்ளே ஓடும் நீர்ப் பம்பு ஓடட்டும். கையில் தெளிக்கும் கொசு மருந்துக்கும் இதே கதைதான்.

தகரக் கூரை வீடுகளில் நீர் சூடாகும் என்று மின்விசிறி வைப்பார்கள். நல்லதுதான், நீர் ஆவியாகிக் குளிரும். ஆவியாவது நீர் மட்டும். உப்பு அப்படியே தங்கும். குறைந்த அளவுக்கு உப்புநீரையே ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நிரப்ப வேண்டியது நல்ல தண்ணீர். உப்பு அளவுமானியில் ஒப்படர்த்தி 1.025 பக்கத்தில் நிற்க வேண்டும். புதிதாக வாங்கிய இறாலையும் நத்தையையும் பையோடு கவிழ்க்காமல், சன்னக் குழாயில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது விட்டுப் பழக்குங்கள். மீன் பொறுத்துக்கொள்ளும், இவை பொறுக்காது. லுமுட்டிலிருந்து டிரம்மில் கடல்நீர் கொண்டுவருகிறவர்கள் மழைக்குப் பிறகு எடுத்த நீரை அளக்காமல் ஊற்ற வேண்டாம். ஆற்று முகத்தில் அது பாதி நல்ல தண்ணீராக இருக்கும்.

ஆசிரியரின் எட்டு நண்டில் ஐந்தைக் கடைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டேன், பணத்தையும் கொடுத்துவிட்டேன். டப்பாவில் இருந்த நான்கு டிரோக்கஸ் ஓடுகளையும் கொதிநீரில் போட்டெடுத்து, தேய்த்து, அவர் தொட்டியிலேயே மணலில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். நோரித் தாள் இரண்டு நாளாகக் கரைந்து போகிறதாம், தின்ன நத்தை இல்லையாம். புதிதாக இரண்டு வேண்டுமாம். "இன்னொன்று. நண்டு மூன்று, நீ வைத்த ஓடு நான்கு, மணலில் முன்பே கிடந்தது ஒன்று. காலையில் எண்ணினேன், காலியாகக் கிடப்பதும் ஐந்துதான். ஆனால் அதில் ஒன்று நண்டு விட்டுப்போன பழைய வீடு. எவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று இனி நான் எப்படிப் பதிவேடு வைப்பது?"